வயலைப் பார்த்து மெசினை எடுங்கள்

லீசிங்கில் அறுவடை மெசின் எடுக்க யோசிக்கும் சகோதரர்களே, குதிரைவலுவை மட்டும் பார்க்காதீர்கள். மஹியங்கனைப் பக்கம் மகாவலித் தண்ணீர் பாயும் சமதரை வயல். அங்கே 2 மீட்டர் அகலத்துக்கு வெட்டும் பெரிய மெசின் நன்றாக ஓடும். வெலிமடையில் நமக்கிருப்பது படிப்படியான சின்ன வயல். பெரியது இறங்கினால் வரம்பு உடையும், மூலையில் கதிர் மிதிபடும். நெல்லுக்குப் பிறகு உருளைக்கிழங்கு போடும் மண்ணும் இறுகிப்போகும்.

நமக்கு ரப்பர் செயின் போட்ட, பாரம் குறைந்த சின்ன மெசின்தான் தோது. நாலைந்து பேர் சேர்ந்து எடுத்தால் தவணையும் தாங்கும். அடுத்த வயலில் இறக்க முன் உள்ளே தங்கிய நெல்லைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் களைநெல் ஊரெல்லாம் பரவும்.

முற்பணம் கட்ட முன், உங்கள் வயலிலேயே ஒருதரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.