நாற்றங்காலுக்குக் கூலி இல்லையா?

2025ஆம் ஆண்டு மார்ச் 18 அன்று ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் ஒரு கூடைப்பந்து ஆட்டம் நடந்தது. பென்சில்வேனியாவின் மலைப்பாங்கான லொரெட்டோ என்னும் சிற்றூரிலிருந்து வந்திருந்த செயின்ட் பிரான்சிஸ் பல்கலைக்கழக அணி, 1991க்குப் பிறகு முதன்முறையாகக் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் ஆடியது. ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்த ஒரு கூடையால் அலபாமா ஸ்டேட் அணியிடம் இரண்டே புள்ளிகளில் தோற்றது. சரியாக ஒரு வாரம் கழித்து, மார்ச் 25 அன்று, அதே பல்கலைக்கழகம் முதல் பிரிவிலிருந்து விலகி மூன்றாம் பிரிவுக்கு இறங்கப்போவதாக அறிவித்தது. சொல்லப்பட்ட காரணங்களில் முதன்மையானவை இரண்டு: வீரர்களுக்குப் பணம் தரும் புதிய ஏற்பாடு, விரும்பியபோது கல்லூரி மாறிக்கொள்ளும் புதிய உரிமை.

இவ்விளையாட்டுகளைப் பின்தொடராத நண்பர்களுக்கு ஒரு விளக்கம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ என்ற அமைப்பு கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுத்திருக்கிறது. முதல் பிரிவில் ஏறத்தாழ 360 கல்லூரிகள் உள்ளன. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கான உதவித்தொகையே கிடையாது. ஆகவே, லொரெட்டோ இறங்கிய இறக்கம் வெறும் கௌரவக் குறைவு அன்று. பந்தாடத் தெரிந்த ஒரே காரணத்தால் கல்லூரி வாசலை மிதிக்க முடிந்த ஏழைப் பிள்ளைக்கு அந்த வாசல் இனி இல்லை என்பதே அதன் பொருள்.

இதைச் சொன்னவுடன் இரண்டு தரப்பினர் எழுந்து நிற்பார்கள். 'அன்றே சொன்னோம், மாணவன் கையில் காசைக் கொடுத்தால் விளையாட்டு கெடும் என்று' என்பார் ஒருவர். 'சந்தையில் நிற்க முடியாதவர் விலகுவதுதான் முறை, இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது' என்பார் மற்றவர். இருவரோடும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாமவரோடு உள்ள பிணக்கே பெரிது என்பதால், முதலாமவரின் கணக்கை முதலில் தீர்த்துவிடுகிறேன்.

தூய்மை பேசுகிறவர்களுக்கு எட் ஓபேனனின் கதையை நினைவூட்ட வேண்டும். 1995இல் யுசிஎல்ஏ அணி தேசியப் பட்டம் வென்றபோது அதன் நாயகன் அவர். ஆண்டுகள் பல கழித்து நண்பர் வீட்டில் ஒரு வீடியோ விளையாட்டைக் கண்டார். தம் உடலமைப்பு, தம் சட்டை எண், தம் இடக்கை வீச்சு எல்லாம் அதில் விற்பனைக்கு இருந்தன. அவருக்கு ஒரு சல்லிக்காசு வந்ததில்லை. 2009இல் வழக்குத் தொடுத்தார். 2014இல் நீதிபதி கிளாடியா வில்கன் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். 2021 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், ஆல்ஸ்டன் வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, வீரர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெறலாம் என்று வழி திறந்தது. தேசியப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை எட்டு ஆண்டு நீட்டிக்க மட்டும் 880 கோடி டாலர் ஒப்பந்தம் 2016இல் கையெழுத்தானது. அந்தப் பணத்துக்காக வியர்வை சிந்தியவனிடம் தூய்மையைப் போதித்தவர்கள் தம் சம்பளத்தில் தூய்மை பார்த்தவர்கள் அல்லர். வீரனுக்குக் கூலி கொடுப்பது நீதி. அதில் எனக்கு ஐயமே இல்லை.

இனி இரண்டாமவருக்கு வருவோம்.

விளம்பரப் பணம் என்பது எப்படி இருக்கும் என்று முதலில் கற்பனை செய்தோமோ, அதற்கு அழகான எடுத்துக்காட்டு ஒன்று 2022இல் கிடைத்தது. நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் என்ற சிறு கல்லூரி, பதினைந்தாம் தரவரிசையில் நுழைந்து, கென்டக்கியையும் பர்டூவையும் வீழ்த்தி, கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாக நின்றது. அதன் மீசைக்கார ஆட்டக்காரர் டக் எடர்ட் ஒரே வாரத்தில் நாடறிந்த முகமானார். கோழி வறுவல் விற்கும் பெரிய உணவகத் தொடர் ஒன்று அவரை விளம்பரத்துக்கு ஒப்பந்தம் செய்தது. நன்றாக ஆடினார், புகழ் வந்தது, புகழுக்குப் பணம் வந்தது. யார் இதில் குறை காண முடியும்?

அதன் பின் நடந்ததையும் பார்க்க வேண்டும். பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே தாம் படித்த சீட்டன் ஹாலுக்குச் சென்றார். எடர்ட் பிரையன்ட்டுக்கும், டேரில் பேங்க்ஸ் செயின்ட் போனவென்ச்சருக்கும், கேசி நடேஃபோ சீட்டன் ஹாலுக்கும் போனார்கள். அவர்கள் பணத்துக்காகவே போனார்கள் என்று நான் சொல்லவில்லை. போகும் உரிமை அவர்களுக்கு உண்டு. நான் கேட்பது வேறு. அந்த அணியை உருவாக்கிய கல்லூரியின் கையில் என்ன மிஞ்சியது?

2021இல் ஒருமுறை மட்டும் தடையின்றிக் கல்லூரி மாறலாம் என்றிருந்தது, 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாயிற்று. விளம்பரப் பணமும் உருமாறியது. பெருங்கல்லூரிகளின் செல்வந்த அபிமானிகள் கூடி நிதிக்குழுக்கள் அமைத்தார்கள். பெயரளவில் விளம்பரம், உள்ளபடி ஆள் சேர்ப்பு. பணம் புகழைத் தொடர்ந்து வருவது போய், வீரனுக்கு முன்னே சென்று அவனை அழைத்துவர ஆரம்பித்தது. சிறு கல்லூரி நாற்றங்கால் ஆகிவிட்டது. விதைப்பதும் நீர் பாய்ச்சுவதும் களை பறிப்பதும் ஓரிடம். நாற்றைப் பிடுங்கி நட்டு அறுவடை காண்பது வேறிடம்.

கேம் வார்ட் என்ற கால்பந்து வீரரை எடுத்துக்கொள்ளுங்கள் (அமெரிக்கக் கால்பந்து என்று கொள்க). டெக்சஸில் பள்ளிப்படிப்பை முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சான் அன்டோனியோவில் உள்ள இன்கார்னேட் வேர்ட் என்ற சிறு பல்கலைக்கழகம்தான் இடமும் உதவித்தொகையும் கொடுத்தது. அங்கே இரண்டு பருவம் ஆடித் தம்மை நிரூபித்தார். பின்னர் வாஷிங்டன் ஸ்டேட், பின்னர் மயாமி. 2025இல் தொழில்முறை அணிகளின் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக எடுக்கப்பட்டார். அவருடைய உயர்வு மகிழ்ச்சிக்குரியது. ஆனால் எவரும் காணாததைக் கண்டு ஆதரித்த அந்தச் சிறு கல்லூரிக்கு இந்த உயர்வில் பங்கு எதுவும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பயிற்சியாளர் விலகும்போது கணக்கு வேறு. ஒப்பந்தக் காலம் முடியுமுன் அவர் வேறு கல்லூரிக்குப் போனால் பழைய கல்லூரிக்கு ஈட்டுத்தொகை தருவது இந்தத் தொழிலில் வழக்கம். 'பயிற்சியாளரை இழந்தால் நட்டம், அவர் பயிற்றுவித்த மாணவனை இழந்தால் நட்டமில்லை' என்ற இந்தத் தருக்கம் எந்தச் சந்தையின் விதி?

சந்தை என்று சொல்கிறவர்கள் ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டையும் படித்துப் பார்க்க வேண்டும். 2025 ஜூன் 6 அன்று அதே நீதிபதி வில்கன் அதற்கு ஒப்புதல் தந்தார். 2016 முதல் ஆடிய வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் இழப்பீடு, பத்து ஆண்டுகளில். இனிமேல் ஒவ்வொரு கல்லூரியும் தன் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதலாண்டு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். இழப்பீட்டின் பெரும்பங்கு யாருக்கு? பெருங்கூட்டணிக் கல்லூரிகளின் கால்பந்து வீரர்களுக்கும் ஆண்கள் கூடைப்பந்து வீரர்களுக்கும். வழக்கில் என்சிஏஏவோடு பிரதிவாதிகளாக நின்றவை எவை? அந்த ஐந்து பெருங்கூட்டணிகள் மட்டுமே. கட்டுவது யார்? என்சிஏஏவின் மைய நிதி நூற்றுக்கு ஏறத்தாழ 40 பங்கு. எஞ்சியது கல்லூரிக் கூட்டணிகளுக்கு ஆண்டுதோறும் பகிரப்படும் தொகையிலிருந்து பிடித்தம். அதில் ஐந்து பெருங்கூட்டணிகளின் பங்கு சுமார் 24. வழக்கில் பெயரே இல்லாத மற்ற 27 கூட்டணிகளின் பங்கு சுமார் 35. தென்னையில் தேள் கொட்டினால் பனையில் நெறி கட்டும் என்பதை நம்மவர்கள் நகைச்சுவைக்காகச் சொல்லிவைத்தார்கள். இங்கே அதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். ஹூஸ்டன் கிறிஸ்டியன் என்ற சிறு பல்கலைக்கழகம் 2024இல் நீதிமன்றத்தின் கதவைத் தட்டி, 'எங்களைக் கேளாமல் எங்கள் பணத்தை எடுக்கிறீர்களே' என்று முறையிட்டுப் பார்த்தது. கதவு திறக்கவில்லை.

இந்தப் பிடித்தம் தாளில் நின்றுவிடுவதில்லை. கலிபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் தன் நீச்சல் அணிகளையும் நீர்ப்பாய்ச்சல் அணிகளையும், ஆண் பெண் இரண்டையும், கலைத்தது. ஹவுஸ் உடன்பாட்டால் ஆண்டுக்குக் குறைந்தது நாலரை லட்சம் டாலர் இழப்பு என்று நிர்வாகம் காரணம் கூறியது. இந்தத் தொகையோடு இன்னொன்றை ஒப்பிடத் தோன்றுகிறது. 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் கால்பந்துப் பயிற்சியாளரை ஒப்பந்தக் காலத்தின் நடுவிலேயே நீக்கியது. நீக்கியதற்காக அவருக்குத் தர ஒப்புக்கொண்டது ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். கால் பாலியின் இழப்பை நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஈடுகட்டியிருக்கும் தொகை அது. நாட்டில் பணம் இல்லை என்று எவரும் சொல்ல வேண்டாம்.

எதிர்வாதம் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். முதல் பிரிவு என்ற பட்டத்துக்காகத் தகுதிக்கு மீறிச் செலவழித்து, அந்தச் சுமையை மாணவர்களின் கட்டணத்தில் ஏற்றிய சிறு கல்லூரிகள் உண்டு. அவை இறங்குவது நல்லது என்றால் இறங்கட்டும். ஆனால் தானே யோசித்து இறங்குவதும் படிக்கட்டை உருவிவிட்டு இறக்குவதும் ஒன்றல்ல. 2025 தேசியப் போட்டியில் கடைசிப் பதினாறு அணிகளும் நான்கே நான்கு பெருங்கூட்டணிகளைச் சேர்ந்தவை. இறுதி நான்கிலும் முதல் தரவரிசை அணிகளே நின்றன. ஓர் ஆண்டை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். ஆயினும் பெயர் தெரியாத ஊரொன்று பெருங்கோட்டையை வீழ்த்தும் அந்த ஓரிரு மாலைகளுக்காகத்தான் இந்தப் போட்டியை நாடே பார்க்கிறது. அதை வற்றவிட்டால் 880 கோடி ஒப்பந்தத்தின் மதிப்பும் வற்றும் என்பது சந்தை அறிந்தவர்களுக்கே தெரியாதது வியப்பு.

பரிகாரம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உலகக் கால்பந்தை ஆளும் ஃபிஃபா 2001 முதல் ஒரு விதி வைத்திருக்கிறது. தொழில்முறை வீரர் ஒருவர் ஒரு கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு விலைக்குப் போகும்போது, 12 வயதிலிருந்து 23 வயதுவரை அவரை வளர்த்த கழகங்களுக்கு அந்தத் தொகையில் 5 விழுக்காடு வரை பங்கு உண்டு. மண் மைதானத்தில் பந்து உதைக்கக் கற்றுக்கொடுத்த சிற்றூர்க் கழகமும் இந்தப் பங்கைக் கேட்டு வாங்கலாம். அமெரிக்கக் கல்லூரிகளிலும் இது முடியும். பெருங்கல்லூரி ஒரு சிறு கல்லூரியின் வீரரை எடுத்துக்கொண்டால், அவருக்குத் தரும் தொகைக்கு மேல் ஒரு சிறு பங்கை முந்தைய கல்லூரிக்கும் தரவேண்டும். வீரனின் கூலியில் கைவைக்காமல், எடுப்பவனின் பணப்பையிலிருந்து. சட்டச் சிக்கல் என்று சொல்வார்கள். குற்றம் சாட்டப்படாதவரின் பங்கைப் பிடித்துக் குற்றம் சாட்டப்பட்டவரின் சுமையைக் குறைக்க வழி கண்டுபிடித்த சட்ட மேதைகளுக்கு இது பெரிய சிக்கலா?

மீண்டும் லொரெட்டோ. 1951 முதல் 1955 வரை மாரிஸ் ஸ்டோக்ஸ் என்ற கறுப்பின இளைஞர் அங்கே ஆடினார். அடுத்த ஆண்டே என்பிஏவின் சிறந்த புதுமுகம் என்ற பட்டம் பெற்றார். 1958இல் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு, சில நாள்களில் உடல் முழுதும் செயலிழந்தது. உடன் ஆடிய ஜாக் டுவைமன் சட்டப்படி அவருக்குப் பாதுகாவலராகி, நிதி திரட்டி, கடைசிவரை பேணினார். 1970இல், 36ஆம் வயதில், ஸ்டோக்ஸ் இறந்தார். தம்மை அடக்கம் செய்ய அவர் கேட்ட இடம், அவரை நட்சத்திரமாக்கிய தொழில்முறை நகரங்களில் இல்லை. அது லொரெட்டோவின் கல்லூரி வளாகம். அவர் பெயர் தாங்கிய ஆடுகளத்தில் இனி மூன்றாம் பிரிவு அணி ஆடும். அது இழிவன்று, அங்கும் ஆட்டம் ஆட்டம்தான். ஆனால் அடுத்த மாரிஸ் ஸ்டோக்ஸுக்கு உதவித்தொகை தந்து அழைத்துக்கொள்ள அந்தக் கல்லூரியால் இனி இயலாது.

வீரனுக்குக் கூலி கொடுங்கள். கூடவே, அவனை வளர்த்த நாற்றங்காலுக்கும் கொடுங்கள். அறுவடைக்காரர் மட்டுமே பங்கு போட்டுக்கொள்ளும் களத்தில் நாளை நடுவதற்கு நாற்று இருக்காது.