ஒரே ஏட்டில் எழுதுவோம்

விடுதலை வேட்கை மாந்தர்க்கு இயல்பு. ஆயினும், விடுதலைக்கென நிகழும் போரிலே படைக்கலம் ஏந்தாத மக்கள் திரளாகக் கொல்லப்படுவாராயின், கொன்றவர் யாவராயினும், அவர் கூறும் எக்காரணமும் அக்கொலையை அறமாக்காது என்பதே நமது துணிபு.

1919ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆம் நாள் அமிர்தசரஸ் நகரத்து ஜலியன்வாலா பாக்கிலே கூடியிருந்த மக்கள்மீது டயரின் ஆணைப்படி 1650 தோட்டாக்கள் பாய்ந்தன. இறந்தோர் 379 பேர் என்றது ஆங்கில அரசு நியமித்த ஹண்டர் குழு. ஏறக்குறைய 1000 பேர் என்றது காங்கிரஸ் மகாசபை. ஆள்வோர் தந்த கணக்கோடு அமைந்துவிடாது, காந்தியடிகள் உள்ளிட்ட விசாரணைக் குழுவொன்றை அமைத்து அம்மகாசபை தானே சாட்சியங்களைத் திரட்டியது. மாண்டவர்க்கு வாழ்பவர் செலுத்தவேண்டிய முதற்கடன் அதுவேயாகும்.

அக்கடன் நமது திருகோணமலை மாவட்டத்திலே இன்னும் தீர்ந்தபாடில்லை. குச்சவெளிப் பிரதேசத்தையே நோக்குவோம். 1985இலே திரியாய்க் கிராமம் தீக்கிரையாயிற்று. தமிழ் மக்கள் ஊர்விட்டு அகன்றனர். அதே கரையோரத்திலுள்ள கல்லராவ என்னும் சிங்கள மீனவர் குடியிருப்பில் 1995 மே 25ஆம் நாள் பெண்டிர், குழந்தைகள் உட்பட 42 பேர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். மாவட்டத்தின் தென்பாலுள்ள குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11ஆம் நாள் தமிழர் 24 பேர் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட இராணுவத்தினர் 2016இல் விடுதலை பெற்றனர். 2006 ஜனவரி 2ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையிலே மாணவர் ஐவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவ்வழக்கின் சந்தேகநபர் 13 பேரும் 2019இலே சான்று போதாமையால் விடுவிக்கப்பட்டனர்.

“அரசின் படை செய்த கொலையையும் ஒடுக்கப்பட்டோரின் பெயரால் நிகழ்ந்த கொலையையும் ஒரே தராசில் இடுவதா?” என நம்முட் சிலர் வினவுவர். வினா புறக்கணிக்கத்தக்கதன்று. குடிகளைக் காக்கும் பொறுப்பும், குற்றவாளியைத் தண்டிக்கும் அதிகாரமும் அரசுக்கே உரியன. ஆதலின் அதன் பிழை மிகப் பெரிது. எனினும், கல்லராவவிலே குழந்தையை இழந்த தாய்க்கு அவ்வேறுபாடு மறுமொழியாகாது. பிறர் பிணத்தை எண்ண மறுப்பவன் தன் பிணத்துக்கு நீதி கேட்கும்போது, அவன் சொல்லுக்கு வலிமை ஏது?

யூபிலி மலரிலே நமது கல்லூரியின் அதிபர், ஆசிரியர், மாணவர் பெயர்களைப் பேணி அச்சிடுகின்றோம். பெயர் அழியாதிருத்தலின் அருமையை அறிந்தே அவ்வாறு செய்கின்றோம். அதே கருத்துடன் பழைய மாணவர் சங்கம் இன்னுமோர் ஏட்டைத் தொடங்குதல் வேண்டும். நம்மிடையே சட்டத்தரணிகள் உளர், ஆசிரியர் உளர், கிராம சேவையாளர் உளர். மாவட்டத்தில் இவ்வாறு மாண்ட பொதுமக்கள் ஒவ்வொருவரின் பெயர், வயது, ஊர், இறந்த நாள், உறவினர் கூற்று ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் பதிந்து கல்லூரி நூலகத்தில் வைப்போமாக. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என ஏடு மூன்றாதல் கூடாது.

குச்சவெளிப் பாறையிலே வடமொழியிற் பொறிக்கப்பட்ட பழைய கல்வெட்டொன்று உண்டு. தான் பெற்ற புண்ணியத்தால் பிறவிதோறும் உலகின் துன்பத்தைத் துடைக்கும் ஆற்றல் தனக்கு வாய்க்கவேண்டுமென அதனைப் பொறித்தவர் வேண்டினர். அவ்வேண்டுதலிலே இன்னார் துன்பம், இன்னார் துன்பம் என்ற பிரிவில்லை. நாம் எழுதப்போகும் ஏட்டிலும் அப்பிரிவு இல்லாதொழிக.