மணி ஒலித்தால் மட்டும் போதுமா?

இலண்டனில் கிரென்பெல் என்னும் 24 மாடிக் குடியிருப்பு 2017 ஆம் ஆண்டு யூன் 14 ஆந் திகதி அதிகாலையில் எரிந்து 72 உயிர்களைப் பலிகொண்டதை யாவரும் அறிவர். வெளிச்சுவரிற் பொருத்திய, எளிதில் எரியுந் தகடுகளே தீ பரவியதற்கு மூலகாரணமென விசாரணை ஆணைக்குழு கண்டது. அதுபற்றி நிறையப் பேசியாயிற்று. நாம் எடுத்துரைக்க விரும்புவது வேறொன்று. மின்தூக்கிகளைத் தம்வசப்படுத்தத் தீயணைப்புப் படையினர் முயன்றபோது அவர்களால் இயலவில்லை. வீட்டுக் கதவுகள் பலவற்றில் தாமாக மூடச்செய்யும் பொறி இல்லை, அல்லது பழுதுற்றிருந்தது. திறந்தபடி கிடந்த கதவுகளூடாகப் புகை வெளிவந்து, இருந்த ஒரேயொரு படிக்கட்டையும் எட்டியது. அதன் பின்னரே, 2023 சனவரி முதல், உயர்ந்த குடியிருப்புகளின் தீயணைப்பு மின்தூக்கிகளை மாதந்தோறும் பார்வையிடவேண்டுமென்பது இங்கிலாந்திற் சட்டமாயிற்று.

இன்றைய மாடிக் கட்டடத்திலே தீப்பாதுகாப்பு என்பது தனியொரு கருவியன்று. புகையை ஒரு கருவி உணர்ந்ததும் மணி ஒலிக்கவேண்டும். மின்தூக்கி கீழிறங்கி நிற்கவேண்டும். படிக்கட்டினுட் புகை நுழையாதவாறு விசிறி இயங்கவேண்டும். பூட்டிய வாயில்கள் திறக்கவேண்டும். மின்சாரம் அற்றுப்போனால் மின்பிறப்பாக்கி இவையனைத்தையுந் தாங்கவேண்டும். மணியைப் பொருத்தியவர் ஒருவர், மின்தூக்கியைப் பராமரிப்பவர் மற்றொருவர், விசிறிக்கு மூன்றாமவர். ஒவ்வொருவருந் தத்தம் பங்கைச் சோதித்துக் கையொப்பமிட்டுச் செல்கின்றனர். ஒருவர் வேலை முடிந்து மற்றவர் வேலை தொடங்கும் இடத்தைச் சோதிப்பவர் எவர்?

எமது கமக்காரருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. துருசு நல்லது என்று ஒருவரும் வாய்க்கால் நல்லது என்று வேறொருவருஞ் சொன்னால் வயலுக்குத் தண்ணீர் வந்துவிடுமா? திறந்துவிட்டு, கடைசி வயல்வரை நடந்து பார்த்தாலன்றோ தெரியும்!

இந்த நடையைத்தான் அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் தனியொரு நியமமாக, 2015 ஆம் ஆண்டுப் பதிப்பாக, வெளியிட்டது. கனடாவின் தேசியக் கட்டடக் கோவையும் தன் 2015 ஆம் ஆண்டுப் பதிப்பில் அத்தகைய சோதனையை வேண்டியது. அதன் சாரம் எளிது: ஒரு மாடியிலுள்ள கருவிக்குப் புகை காட்டுவது, பின்னர் பிரதான மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு அதனையே மீளச் செய்வது, ஒப்பந்தக்காரர் அனைவரும் ஒரே வேளையில் தத்தம் இடத்தில் நின்று, நிகழ்வதையும் நிகழாததையுங் குறித்துக்கொள்வது.

கொழும்பின் மாடிக் குடியிருப்புகளில் எம்மவர் பலர் வாழ்கின்றனர். யாழ்ப்பாணத்திலும் மருத்துவமனைகளும் விடுதிகளும் மாடிமேல் மாடியாக எழுகின்றன. நோயாளர் படுத்திருக்கும் இடத்தில் மின்சாரத்தை நிறுத்துவதா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆயின், முன்னறிவித்த ஒரு பகல்வேளையில் நிறுத்த அஞ்சுங் கட்டடத்தில், அறிவியாது வரும் நள்ளிரவில் நோயாளரைக் காப்பது எங்ஙனம்? நோயாளர் வருமுன்னரே முதற் சோதனையை நடத்தாததன் பலன் இந்த அச்சம்.

ஆகவே, கட்டடத்தைப் பாவிக்க அனுமதிக்குஞ் சான்றை வழங்குமுன் அனைத்தையும் ஒருசேரச் சோதித்த பதிவேட்டை உள்ளூராட்சி மன்றங்கள் கேட்டுப் பெறவேண்டும். திருத்தவேலை நடக்குந்தோறும் மீண்டுங் கேட்கவேண்டும். பொறியியலாளரும் வைத்தியருமான எமது வாசகர்கள் அதுவரை காத்திராது, தாம் பணிபுரியுங் கட்டடத்தின் பொறுப்பாளரிடம் நாளையே கேட்கட்டும்: எல்லாவற்றையும் ஒன்றாகச் சோதித்தது எந்தத் திகதியில்? பதிவேடு எங்கே?