கணக்கைத் திறவுங்கள்

கணக்கை மூடிவைத்துக்கொண்டு மக்களிடம் நம்பிக்கையைக் கேட்பது எவ்வகை நியாயம்? 1994-இல் இராசத்தானத்துச் சிற்றூர்களில், உழவரும் தொழிலாளரும் அரசுப் பணிகளின் கூலிப்பட்டியலை ஊரறிய வாசிக்கச் செய்தனர். செத்தவர் பெயரிலும் கூலி எழுதியிருந்தமை வெளிப்பட்டது. அத்தகைய கிளர்ச்சிகளின் கனியே 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கேட்டால் 30 நாளுள் விடை தரவேண்டும் என்பது அதன் விதி.

2019-ஆம் ஆண்டுத் திருத்தமோ, தகவல் ஆணையருக்குச் சட்டம் உறுதிசெய்திருந்த 5 ஆண்டுப் பதவிக்காலத்தை நீக்கி, அதனை வரையறுக்கும் உரிமையை மைய அரசுக்கே அளித்தது. தன்னைத் தட்டிக்கேட்பவரின் பதவியைத் தானே அளப்பது அறமாகுமா? அவ்வுறுதியை மீட்டளியுங்கள், செலவுக் கணக்கைக் கேளாமலே வெளியிடுங்கள்.

அயல் மாநிலத்தில் வாழும் தமிழ்ப் பெருமக்களே! தெருவிளக்குக்கும் பங்கீட்டுக் கடைக்கும் நாமும் விண்ணப்பம் எழுதுவோம். கேட்பவர் பெருகினால் மறைப்பவர் குறைவர்.