ஏற்கெனவே அப்படித்தான் சார்!

கோட்டுச்சேரியிலிருந்து போய் காரை சர்வீஸுக்கு விட்டேன். ஆயில் மாற்றினார்கள். கூடவே முன் பம்பரில் ஒரு விரிசல் இலவசம்!

‘என்னப்பா இது?’

‘ஏற்கெனவே அப்படித்தான் இருந்துச்சு சார்!’

ஜாப் கார்டில் பம்பர் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் ‘திருப்தி’ என்ற தாளில் என் கையெழுத்து ஜம்மென்று இருந்தது. ஆபீசுக்கு லேட் என்று வண்டியைப் பார்க்குமுன்பே போட்டது!

ஆகவே மகாஜனங்களே, சாவி கொடுக்குமுன் வண்டியைச் சுற்றிப் படம் எடுங்கள். கீறல், கிலோமீட்டர் எல்லாம் ஜாப் கார்டில் ஏறட்டும். திரும்ப வாங்கும்போது முதலில் பார்வை, பிறகு கையெழுத்து.

மழுப்பினால் நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 வருஷத்துக்குள் வழக்கு. சர்வீஸ் சென்டர் எந்த ஊரானாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

என் பம்பர்? முந்தின ஞாயிறு காதுகுத்தில் என் மனைவி எடுத்த போட்டோவில் பளபளவென்று நின்றது. காட்டினேன். மேனேஜர் இருமினார். புது பம்பர் வந்தது.

‘எதுக்கு சும்மா போட்டோ எடுக்கறேன்னு அன்னிக்குத் திட்டினீங்களே?’ என்றாள்.

நானும் இருமினேன்.