கட்டில் மட்டும் போதுமா?

அவசரச் சிகிச்சைப் பிரிவில் நோயாளிகள் வார்டுப் படுக்கைக்காகக் காத்திருந்தால், "இன்னும் படுக்கைகள் வேண்டும்" என்கிறோம். பல்கலைக்கழகத்தில் கணினிப் பாவனை படிக்கும் நான், முதலில் கணக்கைப் பார்க்கச் சொல்வேன்.

நாளுக்கு 20 பேர் சேர்ந்து, சராசரியாக 5 நாள் தங்கினால் 100 படுக்கைகள் நிரம்பியிருக்கும். தங்கும் காலம் அரை நாள் குறைந்தால் 90 போதும். சிங்கப்பூரில் 2024 ஏப்ரலில் வழக்கமான சேவையான வீட்டிலேயே மருத்துவமனைப் பராமரிப்பும் படுக்கையை விடுவிக்கும் ஒரு வழிதான்.

காலையில் வீடு திரும்பலாம் என்றவர், மருந்துக்கும் உறவினர் வருகைக்கும் மாலைவரை காத்திருப்பது ஏன்? அந்த நேரங்களை மாற்றினால் என்னவாகும் என்று, யாருக்கும் தொந்தரவின்றிக் கணினியில் சோதிக்கலாம்.

ஆனால், குணமாகாதவரை அனுப்பிச் சேமிப்பது சேமிப்பல்ல. அந்த எல்லையைத் தாதியரும் மருத்துவரும்தான் சொல்ல முடியும். அவர்களைக் கேட்காமல் உருவாக்கும் பாவனை வெறும் கணினி விளையாட்டே.