பாலிஷ் போடும் முன்

இடவப்பாதி, துலாமழை என்று ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் காணும் திருவனந்தபுரத்தில் மர வாத்தியங்களைக் காப்பாற்றுவது பெரும்பாடு. ஈரத்தில் வச்சிரம் இளகி ஒட்டு விடும். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் டபுள் பாஸுக்கு இந்தச் சேதம் இன்னும் அதிகம். பழைய வீட்டு மச்சிலோ தேவாலயத்துப் பாடகர் மேடைக்குப் பின்னாலோ அப்படி ஒன்று கிடந்தால், ஃபெவிகால் வைத்து இறுக்கி, உப்புத்தாள் தேய்த்து, பளபளவென்று பாலிஷ் போடத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். அது எங்கே பிறந்தது, வயது என்ன என்பதற்கான சாட்சியமெல்லாம் அந்த அழுக்கிலும் பழைய ஒட்டிலும்தான் இருக்கிறது.

முதலில், ‘எஃப்’ வடிவத் துளை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சீட்டு ஒட்டியிருக்கலாம். அதில் பெரிய இத்தாலியக் கைவினைஞர் பெயர் இருந்தால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். ஜெர்மானியப் பட்டறைகள் அத்தகைய சீட்டுகளை ஏராளமாக ஒட்டி அனுப்பியிருக்கின்றன. செய்தவர் பெயரைவிட நாட்டின் பெயர் உதவும். அயல்நாட்டுச் சரக்கில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பொறிக்கும் வழக்கம், பிரிட்டனின் 1887-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்துக்குப் பிறகே பரவியது. ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றிருந்தால் அந்தச் சீட்டு 1918-க்கு முந்தையதாக இருக்க முடியாது. ‘மேற்கு ஜெர்மனி’ என்றால் 1949-க்குப் பிந்தையது.

அடுத்து, அதே துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். அநேகமாக இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. ஒரே பலகையாக, நெருக்கமான நேர்கோட்டு ரேகைகளோடு இருந்தால் ஸ்ப்ரூஸாக இருக்கலாம். குளிர்நாட்டு மரம் அது. நம் பக்கம் விளைவதில்லை. பிறகு முறுக்காணிகள் இருக்கும் தலைப்பகுதி. அங்கே பழைய துளைகளை அடைத்த தடயம் இருந்தால் விட்டுவிடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூன்று தந்தி டபுள் பாஸ்கள் பரவலாக இருந்தன. பல பின்னாளில் நான்கு தந்திக்கு மாற்றப்பட்டன.

வல்லுநர்களே ஏமாந்த கதையும் உண்டு. பாஸ்டன் சிம்ஃபொனியை 1924 முதல் 1949 வரை நடத்திய செர்ஜ் கூஸெவிட்ஸ்கி, டபுள் பாஸ் மேதையும்கூட. அவருடைய வாத்தியம் 1611-இல் கிரெமோனாவின் அமாட்டி சகோதரர்கள் செய்தது என்றே நம்பினார்கள். அவர் மறைந்த பிறகு மனைவி ஓல்கா 1962-இல் அதை இளம் கலைஞர் கேரி காருக்குக் கொடுத்தார். பல ஆண்டுகள் கழித்து மர வளையங்களை ஆராய்ந்தபோது, 1761-இல் வளர்ந்த வளையம் ஒன்று அதில் இருந்தது. வெட்டாத மரத்தில் வாத்தியம் செய்ய முடியாதே! நம்பியதைவிட அது குறைந்தது 150 ஆண்டுகள் இளையது. நாதம் மாறவில்லை, பிறப்புக் கதைதான் மாறியது. மேல்பலகையின் ரேகைகள் சிதையாமல் இருந்ததால்தான் இந்த உண்மை தெரிந்தது.

மரம் சொல்ல முடியாததை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலுவுக்குத் தந்த வயலின் தந்தத்தால் ஆனது. அதில் எண்ணிப் பார்க்க மர வளையம் ஏது? கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், எந்த ஆண்டு என்பதைத் தலைமுறைகள் கைமாற்றி வந்ததால்தான் இன்றும் அதன் கதையைச் சொல்கிறோம். அரண்மனைப் பரிசுக்குக் கிடைத்த அந்த மரியாதை, பெயர் தெரியாத ஒரு பாண்டு வாத்தியக்காரர் சுமந்து வாசித்த டபுள் பாஸுக்கும் கிடைக்க வேண்டும்.

ஆகவே தேய்க்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். சீட்டைச் சுரண்டாதீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் யார் வாசித்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். வச்சிரத்தால் ஒட்டத் தெரிந்தவரிடமே பழுதுபார்க்கக் கொடுங்கள். அந்த ஒட்டைச் சேதமில்லாமல் மறுபடி பிரிக்கலாம். மங்கிய வார்னிஷை என்றைக்கு வேண்டுமானாலும் பளபளப்பாக்கலாம். தேய்த்து எடுத்த சாட்சியத்தைத் திரும்ப ஒட்ட எந்த ஆசாரியாலும் ஆகாது.